நட்சத்திரங்கள் வேண்டாம், எண்கோடு கொடுங்கள்

பெறுநர்: மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், தொடக்க வகுப்புகளுக்கான கணிதப் பாடப்பொருளைத் திரைக்காக உருவாக்குவோருக்கும் தேர்ந்தெடுப்போருக்கும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். கருவி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்துவிட்டன, ஆசிரியர் கைக்குக் கைக்கணினியும் வந்துவிட்டது. அந்தத் திரையில் பின்னங்கள் பாடத்திற்கு என்ன ஓடப் போகிறது என்பதுதான் என் கவலை. விளையாட்டு வழியாகக் கணிதம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நானும் அதை விரும்புகிறவள்தான். ஆனால் எந்த விளையாட்டு என்ற கேள்வியை யாரும் போதுமான கண்டிப்போடு கேட்பதாகத் தெரியவில்லை.

முதலில் பின்னத்தில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அறியாததல்ல. ஆனாலும் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் இது மறந்துபோகிறது.

மூன்றாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை கற்ற எல்லாமே ஒரு விதியில் நிற்கிறது. நான்கு மூன்றைவிடப் பெரிது, எட்டு ஐந்தைவிடப் பெரிது. பின்னத்திற்கு வந்ததும் அந்த விதியே காலை வாருகிறது. 1/4 பெரிதா, 1/3 பெரிதா என்று கேட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் 1/4 என்றுதான் முதலில் சொல்லும். 1/2, 1/3 இரண்டையும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி 2/5 என்று எழுதும். அரையோடு எதையோ கூட்டிய பிறகு அரையைவிடக் குறைவாக வருகிறதே என்று அதற்கு உறுத்துவதில்லை. ஏனென்றால் அதன் கண்ணில் 2/5 ஓர் எண்ணே அல்ல. மாடியில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று என்று குடியிருக்கும் இரண்டு எண்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13, 7/8 இரண்டின் கூட்டுத்தொகையை உத்தேசமாகச் சொல்லும்படி கேட்டார்கள். கணக்குப் போடவே தேவையில்லை. இரண்டுமே ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, ஆகவே விடை கிட்டத்தட்ட 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நூற்றுக்கு 24 பேர். பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. பல பத்தாண்டுகள் கழித்து இதே கேள்வியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோதும் சரியாகச் சொன்னவர்கள் 27 விழுக்காடுதான். இத்தனை ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமும், இத்தனை கணினிகளும் மூன்று விழுக்காட்டைத்தான் நகர்த்தியிருக்கின்றன!

இதில் வட்டப் படத்திற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். தோசையோ கேக்கோ, ஒரு வட்டத்தை நான்காக வெட்டி மூன்றுக்கு நிறம் தீட்டுவதில் பிள்ளை செய்வது என்ன? நிறம் தீட்டியதை எண்ணுகிறது, மொத்தத்தை எண்ணுகிறது, ஒன்றன் மேல் ஒன்றாக எழுதுகிறது. மறுபடியும் முழு எண்தான். தொடக்கத்திற்கு அந்தப் படம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் 5/4 வரும் நாளில் வகுப்பு சிரிக்கிறது. நான்கு துண்டில் ஐந்து துண்டை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தகா பின்னம் என்று பெயர் சொல்லிக் கடந்துபோனால் அந்தக் கேள்வி ஆறாம் வகுப்பிலும் கூடவே வரும்.

அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட பின்னக் கற்பித்தல் வழிகாட்டி எண்கோட்டை, அதாவது எண்களை வரிசையாக இடம் குறித்த கோட்டை, மையக் கருவியாகக் கொள்ளச் சொன்னது இதனால்தான். கோட்டில் 3/4 என்பது ஓர் இடம். 0-க்கும் 1-க்கும் நடுவே, 1-க்கு அருகே. 5/4 என்பது 1-ஐத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வழிகாட்டிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் சீக்லர் பின்னர் சக ஆய்வாளர்களோடு அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகளின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார். பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு பிடிபட்டிருக்கின்றன என்பது, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளையின் கணிதம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டுகிறது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கணக்கில் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நிற்கிறது. பத்து வயது என்றால் நம் ஐந்தாம் வகுப்பு. அதாவது என் அறை.

எண்கோடு என்றால் ஏதோ அந்நியச் சரக்கு என்று பயப்படத் தேவையில்லை. பூக்கடை வாசலில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஒரு முழம், அரை முழம், ஒன்றரை முழம் என்று மல்லிகைச் சரத்தை அளந்து வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். ஒன்றேகால் முழம் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. தோசையில் திணறும் 5/4 பூச்சரத்தில் இயல்பாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. திரையில் ஒரு பூக்கடையை வையுங்கள். வாடிக்கையாளர் 2/3 முழம் கேட்கட்டும். பிள்ளை சரத்தின் மேல் விரலை நகர்த்தி வெட்டட்டும். வெட்டிய துண்டு முழக்கோலின் பக்கத்தில் விழட்டும், கூடியதா குறைந்ததா என்று கண்ணுக்குத் தெரியட்டும். இதற்கு மேல் எந்த அலங்காரமும் வேண்டாம்.

இப்போது சந்தையில் கிடைப்பவற்றைப் பற்றி. பெயர் சொல்லாமல் ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். ஒரு முயல் ஓடுகிறது. நடுவில் நின்று 3/5 + 1/5 எவ்வளவு என்று கேட்கிறது. நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் கைதட்டல், மூன்று நட்சத்திரங்கள், முயலுக்கு ஒரு கேரட். தவறினால் ஒரு கர்ண கடூரமான ஒலி, பிறகு இன்னொரு வாய்ப்பு. என் வகுப்புப் பிள்ளைகள் இதன் சூட்சுமத்தைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் முயல் எப்படியும் ஊர் போய்ச் சேரும். புத்திசாலிகள். அந்த விளையாட்டு அவர்களிடம் கேட்டதும் அவ்வளவுதானே. இது வாய்ப்பாட்டுத் தேர்வுக்கு முயல் வேடம் போட்டதே ஒழிய வேறில்லை. பின்னத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் தலைநகரங்களின் பெயர்களைப் போட்டாலும் முயல் அதே வேகத்தில் ஓடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தையே நீங்கள் தேர்வுக்கான உரைகல்லாகக் கொள்ளலாம். கணிதத்தை உருவிவிட்டாலும் விளையாட்டு அப்படியே நிற்குமானால் அதை வாங்காதீர்கள். இது என் சொந்தச் சரக்கல்ல. இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் வகுத்தலைக் கற்பிக்க ஒரே விளையாட்டை இரண்டு விதமாகச் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒன்றில் எலும்புக்கூடுகளின் மார்பில் எண் இருக்கும், அதை மீதமின்றி வகுக்கும் எண்ணுக்குரிய ஆயுதத்தால் தாக்கினால்தான் எலும்புக்கூடு பிளக்கும். சண்டையே வகுத்தல். மற்றதில் சண்டை தனி, கணக்கு தனி. கட்டத்தின் முடிவில் வினாக்கள் வரும். முதல் வகையை ஆடியவர்கள் அதிகம் கற்றார்கள். விருப்பப்படி எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது அந்த வகையில் ஏழு மடங்கு அதிக நேரம் செலவிட்டார்கள்.

பின்னத்திலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. ‘மோஷன் மேத்’ என்ற ஐபேட் விளையாட்டில், பின்னம் எழுதிய பந்து ஒன்று மேலிருந்து விழும். கருவியைச் சாய்த்து அதை எண்கோட்டில் சரியான இடத்தில் இறக்க வேண்டும். தவறினால் படிப்படியாகக் குறிப்புகள் கூடும். கலிபோர்னியாவின் இரண்டு பள்ளிகளில் 122 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிஷல் ரிக்கன்சென்டே இதைச் சோதித்தார். நாளுக்கு 20 நிமிடம், ஐந்து நாள். பின்னத் தேர்வு மதிப்பெண் சராசரியாக 15 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. கனடாவில் பிறந்த ‘ஸ்லைஸ் ஃபிராக்‌ஷன்ஸ்’ விளையாட்டில் ஒரு குட்டி மாமூத்தின் (பழங்காலக் கம்பளி யானையின்) வழியைத் திறக்க, சரியான அளவில் துண்டுகளை வெட்டி விழச் செய்ய வேண்டும். இரண்டிலும் பின்னத்தை உருவினால் ஆட்டமே இல்லை.

ஆனால் அங்கே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி. என் அறையில் சுவரில் ஒரு திரை, என் கையில் ஒரு கைக்கணினி, எதிரே இரண்டு வகுப்புப் பிள்ளைகள். தனி ஆளுக்குச் செய்த விளையாட்டை அப்படியே பெரிய திரையில் ஏற்றினால் ஒருவன் ஆடுவான், மற்றவர்கள் கூச்சலிடுவார்கள். அந்த ஒருவனும் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவனாக, முன்வரிசையில் இருப்பவனாக இருப்பான். பின்வரிசைப் பெண் பிள்ளைக்குத் திரை என்பது மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கும் இன்னொரு தொலைக்காட்சி. ஆகவே நம் பள்ளிகளுக்கு வேண்டியது ஒரே திரையை முழு வகுப்புக்கும் பொதுவாக்கும் விளையாட்டு. இப்படி ஒன்றை யாரும் நமக்காகச் செய்து வைத்திருக்கப் போவதில்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நான் மனத்தில் வைத்திருப்பது இதுதான். திரையில் வெறும் கோடு, இரு முனையில் 0, 2. கீழே 4/3 என்று தோன்றுகிறது. அதோடு விளையாட்டு நிற்க வேண்டும். ஓடும் கடிகாரம் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் சிலேட்டில் கோடு கிழித்து இடத்தைக் குறிக்கிறார்கள். நான் சுற்றி வந்து பார்த்து, வேறுவேறு விதமாகக் குறித்த மூன்று பேரைத் திரைக்கு அழைக்கிறேன். மூவரும் மூன்று நிறத்தில் புள்ளி வைக்கிறார்கள். எது சரி என்று திரை சொல்லக் கூடாது. வகுப்பு வாதாட வேண்டும். நான் பொத்தானை அழுத்திய பிறகே கோடு மூன்று மூன்றாகப் பிரிந்து விடை தெரிய வேண்டும். பொத்தானை எப்போது அழுத்துவது என்பது என் பொறுப்பில் இருக்கட்டும். அந்தச் சில நிமிட வாதத்தில்தான் பின்னம் புரிகிறது. முயல் ஓடும்போது யாரும் யாரிடமும் பேசுவதே இல்லை.

கடிகாரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. வேகத்திற்குப் பரிசு கொடுத்தால் பிள்ளைகள் பழைய விதிக்கே ஓடிப்போவார்கள். 1/4 பெரிது என்பதுதான் மனத்தில் முதலில் வருவது. அதை நிறுத்தி யோசிக்க வைப்பதே பாடம் என்னும்போது, யோசிக்கும் பிள்ளைக்கு அபராதம் போடும் விளையாட்டை எதற்கு வாங்க வேண்டும்?

அடுத்தது தவறுகள். எனக்கு இதுதான் மிக முக்கியம். ஒரு பிள்ளை 1/8-ஐ 1/3-க்கு வலப்பக்கம் வைக்கிறது. இன்னொன்று கோட்டை நான்காகப் பிரிக்கத் தெரிந்தும் துண்டுகளைச் சமமாக வெட்டுவதில்லை. மூன்றாவது பிள்ளை இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுகிறது. நான்கு பாகம் வேண்டும் என்று உள்ளே நான்கு கோடு போட்டு ஐந்து பாகம் செய்துவிடுகிறது. மூவருக்கும் திரை பத்துக்கு ஆறு என்று ஒரே மதிப்பெண்ணைக் காட்டுமானால் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூவருக்கும் மறுநாள் நான் நடத்த வேண்டிய பாடம் வேறுவேறு. யார் எந்த இடத்தில் புள்ளி வைத்தார்கள் என்பதை அப்படியே சேமித்து, வகுப்பு முடிந்ததும் என் கைக்கணினியில் ஒரே பக்கத்தில் காட்டினால் போதும். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்துப் பழகியவர்கள் நாங்கள். அதற்கு முன்பு செயல்வழிக் கற்றல் அட்டைகளை வைத்துப் பிள்ளையைத் தன் வேகத்தில் ஏணி ஏறவிட்ட ஆசிரியர்களும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றச் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே அது செத்துவிடும். மேலே யாரோ பார்க்கிறார்கள் என்றால் தவறுகள் குறையாது, தவறுகளின் பதிவுதான் குறையும்.

சில சின்ன விஷயங்கள். சின்னவை என்றாலும் வகுப்பறையில் இவைதான் விளையாட்டைக் கவிழ்க்கின்றன. பின்னத்தைத் திரையில் எழுதும்போது, இந்த மடலில் நான் எழுதியிருப்பதுபோல் சாய்கோடு போடாமல், பாடநூலில் இருப்பதுபோல் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் வரும்படி எழுதுங்கள். சாய்கோட்டைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தேதிதான் நினைவுக்கு வருகிறது. குரல் பதிவில் முக்கால் என்றும் நான்கில் மூன்று என்றும் இரண்டையும் சொல்லுங்கள். கடையில் கேட்டதும் புத்தகத்தில் படித்ததும் ஒன்றே என்று அப்போதுதான் ஒட்டும். நிறத்தை மட்டும் நம்பிப் பங்குகளைக் காட்ட வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பையன்கள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். இணையம் இல்லாமலும் ஓடட்டும். இணைப்பு எங்கள் பாடவேளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இன்னொரு வகுப்புக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பு திரையின் முன் இருக்கும்போது நான்காம் வகுப்பு என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத எந்த மென்பொருளும் ஈராசிரியர் பள்ளிக்கு ஆகாது. திரை விளையாட்டோடு கூடவே தரை விளையாட்டு ஒன்றையும் கொடுங்கள். கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் பள்ளிக் கூடைப்பந்துத் தளத்தில் பின்ன வளைவுகள் வரைந்து, எறியும் தூரத்திற்கேற்ப 1/4, 1/2, 3/4 என்று புள்ளி கிடைக்கும்படி ஓர் ஆட்டத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசிரியர்களோடு சேர்ந்து வடிவமைத்திருக்கிறார்கள். ஓரத்தில் தரையிலேயே எண்கோடு. நமக்குக் கூடைப்பந்துத் தளம் வேண்டாம். வராந்தாவும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். திரையில் இன்று என்ன கோடோ, தரையிலும் அதே கோடு, அதே பின்னங்கள். மறுநாள் குழுக்கள் இடம் மாறும். மின்சாரம் போன நாளில் இரண்டு வகுப்புகளும் வராந்தாவுக்கு வந்துவிடும்.

செலவைப் பற்றி. பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போடுவதற்கு முன் இலவசமாக இருப்பதைப் பாருங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ திட்டத்தில் பின்னங்களை உருவாக்கவும், சமான பின்னங்களைப் பொருத்தவும் திரையில் நகர்த்திப் பார்க்கும் தனித்தனிச் செயலிகள் இருக்கின்றன. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. மொழிபெயர்க்க வழி திறந்தே வைத்திருக்கிறார்கள், இணையமின்றியும் இயக்கலாம். கட்டற்ற மென்பொருளான ஜிகாம்பிரியிலும் பின்னச் செயல்பாடுகள் உண்டு. இவற்றை எடுத்து, தமிழாக்கி, ஒரே திரைக்கு ஏற்ப மாற்றத் தேவையான கணினி நிரலாளர்கள் இந்த மாநிலத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

விளையாட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. பெரு நாடு ஏழைக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தது. 2012-இல் வந்த மதிப்பீட்டில் கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. விளையாட்டுவழிக் கற்றல் பற்றிய 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013-இல் வெளியானது. வழக்கமான பாடத்தைவிட விளையாட்டில் கற்பதும் நினைவில் நிற்பதும் கூடுகின்றன என்று அது சொல்கிறது. மற்றக் கற்பித்தலோடு சேரும்போதும், பல அமர்வுகளாகத் தரும்போதும், குழுவாக ஆடும்போதும் பயன் அதிகம். ஆனால் ஆர்வம் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. விற்பனைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது ஆர்வத்தைத்தான் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் குதிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள் என்று காணொளி காட்டுவார்கள். குதிக்கட்டும். குதித்து முடித்த பிறகு 3/8 பெரிதா, 1/2 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சுருக்கமானது. பின்னப் பாடத்திற்கான விளையாட்டை இறுதி செய்வதற்கு முன், அதை ஈராசிரியர் பள்ளிகள் சிலவற்றில் ஓடவிடுங்கள். மாதிரிப் பள்ளியோ, விருது பெற்ற பள்ளியோ வேண்டாம். சாதாரணப் பள்ளி. ஓட்டுபவர் உங்கள் தொழில்நுட்பர் அல்ல, அந்த வகுப்பின் ஆசிரியராகவே இருக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். திரையைத் தொடாதவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, விளையாட்டு எதுவும் இல்லாமல், வெறும் தாளில் ஒரு கோட்டைக் கொடுத்து 2/5, 7/6, 1/9 மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் எங்கள் முன் வையுங்கள், நல்லதோ கெட்டதோ ஒளிக்காமல். பார்த்துவிட்டுச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

பூக்கடை விளையாட்டைச் செய்ய முன்வந்தால், வினாக்களை எழுதித் தரவும், என் வகுப்பில் முதலில் ஓட்டிப் பார்க்கவும் நான் தயார். என்னைப் போல் இன்னும் பலர் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்